வேதப்புரட்டர் என்று பெயர் பெற்றோர்: ஆதித் திருச்சபை முதல் சிட்னி வரை

1993ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சிட்னி மாநகரிலே ஒரு விசாரணை நடைபெற்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் கலாநிதி பீற்றர் கமரன். ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர், பிரஸ்பிற்றேரியன் திருச்சபையின் குருவானவர், சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புனித அந்திரேயா கல்லூரியின் அதிபர். அவர் செய்த குற்றம் களவுமன்று, ஒழுக்கக் கேடுமன்று, ஒரு பிரசங்கம். நம்மவர் பலர் வாழும் ஹோம்புஷ், ஸ்ட்ராத்பீல்ட் பகுதிகளுக்கு அண்மையிலுள்ள அஷ்பீல்டில், 1992 மார்ச்சில், திருச்சபைப் பெண்கள் ஏறக்குறைய முந்நூறு பேர் முன்னிலையில் அவர் அதனை நிகழ்த்தினார். பெண்களுக்கும் குருத்துவ அபிஷேகம் வழங்கப்பட வேண்டும், வேதாகமம் எழுதப்பட்ட காலத்தின் சூழலை உணர்ந்தே அதன் வாக்கியங்களை வாசிக்க வேண்டும் என்பன அவர் கூறியவற்றின் சாரம்.

வேதாகமத்தைப் பற்றி வெஸ்ட்மினிஸ்டர் விசுவாச அறிக்கை கூறுவதற்கு இக்கருத்து முரணானது எனத் தீர்ப்பாயிற்று. 1640களில் இங்கிலாந்தில் வரையப்பட்ட ஓர் ஆவணத்தை அளவுகோலாகக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஒருவர் வேதப்புரட்டுக் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

இச்செய்தியை வியப்புடன் வாசித்தவர்கள் பலர். எனினும் இந்நாட்டில் இது முதல் நிகழ்ச்சியன்று. அதே கல்லூரியில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரும், மெல்பேணில் நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்னரும் இத்தகைய வழக்குகள் எழுந்தன. இவற்றின் வேரோ கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில் உள்ளது. ஒரு சமயத்தில் எது மெய்யுபதேசம், எது புரட்டு என்பதை யார், எவ்வாறு தீர்மானிக்கின்றனர்? இக்கேள்விக்கு விடை தேட அந்தப் பழங்காலத்தையும் இந்நாட்டு வழக்குகளையும் ஒருங்கே நோக்குவது பயனுடைத்து.

ஒரு சொல்லின் கதை

வேதப்புரட்டு என நாம் கூறுவதற்கு மூலமான கிரேக்கச் சொல் 'ஹைரெசிஸ்' என்பது. அதன் முதற்பொருள் 'தெரிவு' என்பதேயாகும். தத்துவ ஞானிகளின் பள்ளிகளுள் ஒன்றை ஒருவன் தெரிந்துகொள்வதை அது குறித்தது. யூத வரலாற்றாசிரியரான யோசேப்பு, பரிசேயர், சதுசேயர் முதலிய பிரிவினரை அச்சொல்லாலேயே, எவ்வித இழிவுமின்றிக் குறிப்பிடுகின்றார். காலப்போக்கில் 'தாமாகத் தெரிந்துகொண்டவர்' என்பது 'தவறாகத் தெரிந்துகொண்டவர்' என்றாயிற்று.

தமிழில் இச்சொல் வந்து சேர்ந்தபோது பழி முழுவதும் சேர்ந்தே வந்தது. யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து வீடுகளில் வாசிக்கப்பட்ட வேதாகமத்தில், தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபத்தில் 'வேதப்புரட்டன்' என்ற சொல் உண்டு. கத்தோலிக்கர் 'பதிதர்' என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிமாருக்கும் வீரமாமுனிவருக்கும் இடையே நிகழ்ந்த வாதப்போரில் 'பேதகம்' என்ற சொல் இரு பக்கத்திலும் பறந்தது. அவர்கள் 'திருச்சபை பேதகம்' வெளியிட, முனிவர் 'பேதகமறுத்தல்' எழுதினார். பேதகர் யார் என்பது பேசுகின்றவர் எங்கே நிற்கின்றார் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

புதிய ஏற்பாடு தொகுக்கப்படுமுன்

இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவன் ஒருவனிடம் 'புதிய ஏற்பாட்டைக் காட்டு' என்று கேட்டால் அவனால் காட்ட இயலாது. சுவிசேஷங்களும் நிருபங்களும் தனித்தனியே வழங்கின. அவற்றுள் எவை ஏற்கத்தக்கன என்பதில் சபைக்குச் சபை வேறுபாடு இருந்தது. கருங்கடற் கரையிலுள்ள சினோப் நகரத்து மார்சியோன் என்பவர் உரோமாபுரிக்கு வந்து, லூக்காவின் சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும், அவையும் தாம் திருத்திய வடிவில், வேதமாகக் கொண்டார். படைப்புக் கடவுள் வேறு, இயேசு காட்டிய அன்புக் கடவுள் வேறு என்பது அவர் போதனை. 144ஆம் ஆண்டளவில் உரோமைச் சபை அவரை விலக்கியது. நாம் அறிந்தவரையில் ஒரு கிறிஸ்தவ நூற்பட்டியலை முதலில் வரையறுத்தவர், இவ்வாறு விலக்கப்பட்ட அம்மனிதரேயாவர்.

அதே காலத்தில் அலெக்சாந்திரியாவிலிருந்து உரோமாபுரிக்கு வந்தவர் வலந்தீனு. இவர் வழிவந்தோரும் இவர்போன்ற பிறரும் இன்று ஞானவாதிகள் என ஒருங்கே அழைக்கப்படுகின்றனர். 'ஞோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் வடமொழி வழியாக நாம் பெற்ற 'ஞானம்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. எல்லாவற்றிற்கும் அப்பாற்பட்ட ஒரு பரம்பொருள் உண்டு. இவ்வுலகைப் படைத்தவனோ அதனினும் தாழ்ந்த, அறியாமையுள்ள ஒரு தெய்வம். மனிதருட் சிலரிடம் மேலுலகத்தின் பொறியொன்று உடலாகிய சிறையில் அகப்பட்டுக் கிடக்கின்றது. தன் உண்மையை அறியும் அறிவே விடுதலை என்பன அவர்களிற் பலருக்குப் பொதுவான எண்ணங்கள்.

பதி, பசு, பாசம் என்று கற்ற சைவ வாசகருக்கு இது பழகிய குரலாகத் தோன்றக்கூடும். ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. உயிர் பக்குவமடையும் பொருட்டு இறைவன் கருணையினால் தந்தவையே உடலும் உலகமும் என்பது சைவ சித்தாந்தம். ஞானவாதிக்கோ அவை ஒரு தவற்றின் விளைவு. இவ்விடயத்தில் சித்தாந்தி ஞானவாதிக்கன்றி, அவரை எதிர்த்த ஆயர்களுக்கே அண்மையில் நிற்பான்.

அந்த ஆயர்களுள் முதன்மையானவர், இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்து ஐரனேயு. 180ஆம் ஆண்டளவில் அவர் ஞானவாதிகளுக்கு எதிராக ஐந்து புத்தகங்கள் எழுதினார். அவரை வெறும் அதிகாரப் பிரியராகக் காண்பது நியாயமாகாது. 177ஆம் ஆண்டில் லியோன் சபையினர் பலர் விசுவாசத்திற்காகக் கொல்லப்பட்டதன் பின்னர் ஆயரானவர் அவர். சிலருக்கு மட்டுமே மறைவாகச் சொல்லப்பட்ட ஞானத்தினால் மீட்பு என்றால், அடிமைக்கும் எழுத்தறியாத விதவைக்கும் என்ன வழி என்பது அவரது வாதத்தின் உட்கிடை. எல்லாச் சபைகளிலும் வெளிப்படையாகப் போதிக்கப்படுவதே அப்போஸ்தலர் உபதேசம் என்றார். நான்கு சுவிசேஷங்களே, கூடவும் குறையவும் ஆகா என்று வாதிட்டவரும் அவரே. நாம் இன்று மெய்யுபதேசம் என்பதன் அடித்தளம் இவ்வாறான எதிர்வாதத்திலேயே இடப்பட்டது.

வாள் வந்து சேர்ந்தபோது

ஐரனேயுவிடம் பேனா மட்டுமே இருந்தது. நான்காம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 325இல் நிக்கேயாவில் ஆயர்களைக் கூட்டியவர் உரோமைப் பேரரசர் கொன்ஸ்தந்தீன். 367இல் அலெக்சாந்திரிய ஆயர் அதனாசியு தமது உயிர்ப்புவிழா நிருபத்தில், இன்று புதிய ஏற்பாட்டிலுள்ள 27 நூல்களையும் பட்டியலிட்டு, மறைநூல்கள் எனத் திரிந்த ஏனையவற்றை விலக்குமாறு கூறினார். 380இல் பேரரசர் தியோதோசியு திரித்துவ விசுவாசத்தையே பேரரசின் சமயமாக்கிக் கட்டளை பிறப்பித்தார். 385ஆம் ஆண்டளவில் ஸ்பானியத் துறவியும் ஆயருமான பிரிசில்லியன் திரியர் நகரில் தலை வெட்டப்பட்டார். சட்டப்படி சாட்டப்பட்ட குற்றம் சூனியம். உண்மையான சச்சரவு உபதேசம் பற்றியது. தூர் நகரத்து மார்ட்டின் போன்ற மெய்யுபதேச ஆயர்களே இக்கொலையைக் கண்டித்தனர் என்பது மறக்கத்தக்கதன்று.

தோற்றவர்களின் நூல்கள் மறைந்தன. அதன்பின் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் வலந்தீனு என்ன சொன்னார் என்பதை உலகம் பெரும்பாலும் அவருடைய எதிரிகள் எடுத்துக்காட்டிய வரிகளிலிருந்தே அறிந்தது. ஒரு வழக்கில் வழக்குத்தொடுநரின் உரை மட்டுமே எஞ்சி, எதிரியின் வாக்குமூலம் அழிந்துபோனால் எவ்வாறிருக்கும்? அவ்வாறே இருந்தது.

1945இல் மேல் எகிப்தின் நாக் ஹமாதி என்னும் ஊருக்கு அருகில், உரமண் தோண்டச் சென்ற குடியானவர்களுக்கு ஒரு மண்சாடி அகப்பட்டது. அதிலிருந்து கொப்து மொழியில் எழுதப்பட்ட, தோலுறையிட்ட 13 ஏட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. இயேசு கூறியனவாக 114 வாக்குகளைக் கொண்ட தோமாவின் சுவிசேஷமும் அவற்றுள் அடங்கும். 1977இல் அவை முழுமையாக ஆங்கிலத்தில் வெளியாயின. எதிரியின் வாக்குமூலம் ஒருவாறு மன்றுக்கு வந்தது.

மெல்பேண், 1883

இனி அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். மெல்பேண் கொலின்ஸ் வீதியில் இன்றும் கோபுரம் உயர்த்தி நிற்கும் ஸ்கொட்ஸ் தேவாலயத்திற்கு 1875இல் ஸ்கொட்லாந்திலிருந்து போதகராக வந்தவர் சார்ள்ஸ் ஸ்ட்ரோங். 1880இல் அவர் கிறிஸ்துவின் பரிகாரப் பலி பற்றி ஒரு சஞ்சிகைக் கட்டுரை எழுதினார். பழைய விளக்கங்களை வரலாற்று நோக்கில் ஆராய்ந்த அக்கட்டுரை கண்டனத்தைக் கிளப்பியது. 1883இல் விக்டோரியா உயர்நீதிமன்ற நீதியரசர் ஜோர்ஜ் ஹிகின்பொதம் அத்தேவாலயத்தில் விஞ்ஞானமும் சமயமும் என்ற பொருளில் விரிவுரை நிகழ்த்தியபோது, ஸ்ட்ரோங் அதற்குத் தலைமை தாங்கினார். விரிவுரையாளரைத் தடுக்கவில்லை என்பதும் குற்றமாயிற்று. அவர் பதவி துறந்தார். அவ்வாண்டு இறுதியிலே திருச்சபைப் பேரவை அவரைத் தன் குருமார் நிலையிலிருந்து நீக்கியது.

1885இல் ஸ்ட்ரோங் தம் ஆதரவாளருடன் 'அவுஸ்திரேலியத் திருச்சபை' என்ற புதிய சபையைத் தோற்றுவித்தார். விசுவாச அறிக்கை எதிலும் கையொப்பம் கேளாத சபை அது. பிளின்டர்ஸ் வீதியில் பெரிய கட்டடம் எழுந்தது. கடனும் உடன் எழுந்தது. முதலாம் உலகப்போரை அவர் எதிர்த்தமையால் ஆதரவும் குன்றியது. 1942இல், 97 வயதில், அவர் மறைந்தார். 1950களில் அச்சபையும் கலைந்தது. அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை பல்சமய ஆய்வுக்கு உதவி வந்துள்ளது. எல்லைக்கோடு எதுவும் வரையாத சபை நீடித்து நிற்பது அரிது என்ற பாடத்தையும் இக்கதை மறைமுகமாகக் கூறுகின்றது.

சிட்னி, 1930கள்

சாமுவேல் அங்கஸ் அயர்லாந்தின் வடபகுதியிற் பிறந்தவர். அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் பயின்று, 1915இல் சிட்னி புனித அந்திரேயா கல்லூரியில் இறையியற் பேராசிரியரானார். அவரது துறையே நாம் மேலே கண்ட காலம்தான். கிரேக்க-உரோம உலகின் மறைபொருட் சமயங்களும் கிறிஸ்தவமும் பற்றி 1925இல் அவர் வெளியிட்ட நூல் உலகளாவிய மதிப்பைப் பெற்றது. இசிஸ், மித்திரன் முதலிய தெய்வங்களின் வழிபாடுகள் செழித்த சூழலில் வளர்ந்த திருச்சபை, அச்சூழலின் மொழியையும் எண்ணங்களையும் ஏற்றுக்கொண்டது என்பது அவர் கண்ட முடிவு. ஆதலின் கன்னிப் பிறப்பு, சரீர உயிர்த்தெழுதல், பரிகாரப் பலி ஆகியவை பற்றிய மரபுச் சூத்திரங்களைக் கிறிஸ்தவத்தின் சாரமெனக் கொள்ள அவர் மறுத்தார். இயேசுவின் வாழ்வும் ஆளுமையுமே சாரம் என்றார்.

1930களின் தொடக்கத்தில் முறைப்பாடுகள் எழுந்தன. குருமாராகப் போகும் மாணவருக்குப் போதிப்பவர் இவ்வாறு கூறலாமா? மாநிலப் பேரவைக்கும் தேசியப் பேரவைக்கும் இடையே விடயம் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. எனினும் அவர்மீது முறையான வேதப்புரட்டு விசாரணை நடந்து முடியவேயில்லை. 1943இல் மறையும்வரை அவர் பேராசிரியராகவே இருந்தார்.

அங்கஸ் தம் நிலையை விளக்கி 'சத்தியமும் மரபும்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்ட ஆண்டு 1934. அதே ஆண்டில் ஜேர்மனியில் வால்ற்றர் பவர் என்ற அறிஞரின் நூலொன்று வெளிவந்தது. எடெசா, எகிப்து முதலிய பல பகுதிகளில், பின்னர் புரட்டு எனப்பட்டதே முதலில் வேரூன்றிய கிறிஸ்தவம் என்றும், உரோமைச் சபையின் செல்வாக்கே மெய்யுபதேசத்தை எங்கும் நிலைநாட்டியது என்றும் பவர் வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகள் பலவற்றைப் பின்வந்த ஆய்வாளர் மறுத்துள்ளனர். முதலில் தூய உபதேசம், பின்னர் அதன் திரிபு என்ற எளிய வரலாற்றை மட்டும் அதன்பின் எவரும் கேள்வியின்றி எழுத இயலவில்லை.

ஒரே அளவுகோல், மூன்று முடிவுகள்

மூன்று வழக்குகளிலும் அளவுகோல் ஒன்றே: வெஸ்ட்மினிஸ்டர் அறிக்கை. 1901இல் இந்நாட்டுப் பிரஸ்பிற்றேரியன் சபைகள் ஒன்றிணைந்தபோது, அவ்வறிக்கையில் சாரமல்லாத விடயங்களில் கருத்துச் சுதந்திரம் உண்டு என்ற விளக்கவுரையும் ஏற்கப்பட்டது. ஆனால் சாரம் எது, சாரமல்லாதது எது என்ற பட்டியல் தரப்படவில்லை. அதைத் தீர்மானிப்பது பேரவையில் அமர்ந்திருப்போர் கையில் விடப்பட்டது.

அமர்ந்திருப்போர் மாறினர். 1974இல் பிரஸ்பிற்றேரியன் திருச்சபை பெண்களின் குருத்துவத்தை ஏற்றது. 1977இல் அச்சபையினருட் பெரும்பகுதியினர் மெதடிஸ்தருடனும் கொங்கிரிகேஷனல் சபையினருடனும் இணைந்து ஐக்கிய திருச்சபையை அமைக்கச் சென்றனர். எஞ்சி நின்றோரிடையே பழைமை பேணுவோரே வலுப்பெற்றனர். 1991இல் பெண்களின் குருத்துவம் மீளப்பெறப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கமரன் அஷ்பீல்டில் பிரசங்கித்தார். அங்கஸைத் தீண்டாத கோல் கமரன்மீது விழுந்ததற்குக் காரணத்தை அறிக்கையின் வாசகத்தில் தேடிப் பயனில்லை. வாசிப்போரின் எண்ணிக்கையிலே தேட வேண்டும்.

பெண் போதிக்கலாமா என்ற வினாவும் புதிதன்று. புரட்டரின் பெண்கள் துணிந்து போதிக்கின்றனரே என்று தெர்த்துல்லியன் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியளவிலே சினந்து எழுதினார். 1896இல் கெய்ரோவில் கிடைத்த ஏடொன்றிலுள்ள மரியாளின் சுவிசேஷத்தில், மரியாள் சொன்னதை நம்ப மறுப்பவருள் ஒருவர் அந்திரேயா; கமரன் தலைமை வகித்த கல்லூரி அவர் பெயரைத் தாங்கியதே. ஆயினும் ஞானவாதிகள் அனைவரும் பெண்ணுரிமைவாதிகள் என்று எண்ணிவிடலாகாது. தோமாவின் சுவிசேஷத்தின் கடைசி வாக்கு, பெண் ஆணாக மாறினாலே விண்ணரசில் புகுவாள் என்ற கருத்தையே கூறுகின்றது.

கமரனின் நீதிபதிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஓர் அறிக்கையை ஏற்பதாக வாக்குறுதியளித்துப் பதவி பெற்றவர் அதற்கு மாறாகப் போதித்தால், அவ்வறிக்கையை நம்பி ஆலயத்திற்கு வருவோருக்குச் சபை என்ன பதில் சொல்வது? கமரன் மேன்முறையீடு செய்தார். எனினும் அதன் இறுதி முடிவுக்குக் காத்திராமல் தாமே விலகினார். 1994இல் 'வேதப்புரட்டன்' என்ற பொருள்தரும் தலைப்பிலேயே தம் கதையை நூலாக வெளியிட்டார்.

பிரிசில்லியனுக்கும் கமரனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேயே உள்ளது. அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் 116ஆம் பிரிவு, எந்தச் சமயத்தையும் அரச சமயமாக்கும் சட்டத்தைப் பொதுநலவாய அரசு இயற்றுவதைத் தடுக்கின்றது. திருச்சபை ஒருவரை வெளியேற்றலாம். அவர் நூலை எரிக்கவோ அவரைச் சிறையிடவோ அதனால் முடியாது.

இலங்கையிலும் நம்மவரிடையேயும்

இத்தகைய செய்தி இலங்கையிலிருந்தும் வந்தது. அமலமரித் தியாகிகள் சபைக் குருவான திஸ்ஸ பாலசூரிய, 'மரியாளும் மானிட விடுதலையும்' என்ற பொருளில் 1990இல் எழுதிய நூலுக்காக, 1997 ஜனவரியில் உரோமாபுரியால் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். ஜென்மபாவம் பற்றியும் பிற சமயங்கள் பற்றியும் அவர் கூறியவை குற்றமாகக் காணப்பட்டன. உலகெங்கும் எதிர்ப்பெழ, ஓராண்டின் பின், 1998 ஜனவரியில், அத்தண்டனை நீக்கப்பட்டது. 2013இல் அவர் திருச்சபையின் குருவாகவே மறைந்தார்.

சைவர் இதைப் பிறர் வீட்டுச் சண்டையென ஒதுக்குதற்கில்லை. 1867இல் இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயருடன், திருமுறைகளாக வகுக்கப்பட்டு அச்சேறின. அருட்பா, திருமுறை என்ற பெயர்கள் தேவார திருவாசகங்களுக்கே உரியன என்று நல்லூர் ஆறுமுக நாவலர் எதிர்த்தெழுந்தார். 'போலியருட்பா மறுப்பு' வெளியாயிற்று. 1869இல் சச்சரவு மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. எந்நூல் வேதத்தோடு ஒக்கும், அதைத் தீர்ப்பவர் யார் என்ற அதே கேள்விதான் அங்கும் எழுந்தது. இன்று தேவாரமும் திருவருட்பாவும் ஒரே மேடையிற் பாடப்படுகின்றன. நாவலரின் கண்டனமும் எதிர்த்தரப்பாரின் மறுப்புகளும் அச்சில் எஞ்சியிருப்பதால், இரு பக்கத்தையும் படித்துத் தீர்மானிக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. வலந்தீனுவுக்கு அந்த வாய்ப்பு நெடுங்காலம் கிட்டவில்லை.

புலம்பெயர்ந்த சமூகத்திற்கு இவ்வரலாறு ஏன் வேண்டும்? சிட்னியிலும் மெல்பேணிலும் நம்மவர் ஆலயங்களையும் சபைகளையும் சங்கங்களையும் புதிதாக அமைத்துள்ளனர். ஊரில் நூற்றாண்டுகள் தீர்த்துவைத்த எல்லைகளை இங்கே ஒரு பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தித் தீர்க்க வேண்டியுள்ளது. எல்லையே வேண்டாம் என்ற ஸ்ட்ரோங்கின் சபை கரைந்தது. எனவே எல்லை வேண்டும். ஆனால் அந்த எல்லையை வரைந்தது பெரும்பான்மையே என்பதையும், அப்பெரும்பான்மை மாறக்கூடியது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். கருத்து வேறுபட்டவருக்குப் பெயர் சூட்டுவதற்கு முன், அவர் சொன்னதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். கேட்டதைக் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளபடி எழுதிவைக்கவும் வேண்டும். நாக் ஹமாதியில் அந்தச் சாடியைப் புதைத்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவர் அந்நூல்களை நம்பியவராகவே இருந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. ஆயினும் அவர் அவற்றை எரிக்கவில்லை.